கைதட்டு வாங்கிய ஒப்பாரி

சனிக்கிழமை, இரவு

அம்மா, நீ தூங்கும்போது விளக்கைப் போட்டு எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

பாசிர் பெனம்பாங் கிளப்பில் இன்று அமெரிக்க நாட்டுப்பாடல் இரவு. எல்லா பேண்டும் சோகமாகவே பாடின. கடைசியாக, பல்கலைக்கழகத்தில் என் அறைத்தோழியாக இருந்த கவிதா பான்ஜோ வாத்தியத்தோடு மேடையேறினாள்.

"இது எங்க வீட்டுத் தாலாட்டு. முனியாண்டிங்கிறது பாப்பா பேரு" என்றாள்.

முனியாண்டி என் அப்பா. தோட்டத்து லய வீட்டிலிருந்து அவர் பாடையைத் தூக்கும் முன் நீ பாடிய ஒப்பாரி அது. என் கைப்பேசியில் பதிந்திருந்ததை, துக்கம் தாங்காமல் அவளுக்கு மட்டும் அனுப்பியிருந்தேன். கூட்டம் அப்பாவின் பெயரைச் சேர்ந்து பாடிக் கைதட்டியது.

கீழே இறங்கி வந்தாள். "எப்படிடி இருந்துச்சு? எல்லாரும் அழுதுட்டாங்க லா!"

"அது தாலாட்டு இல்ல, கவி."

"இங்க யாருக்கு லா தெரியப்போவுது?"

நான் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்புதான் இன்னும் எரிகிறது.

அடுத்த சனிக்கிழமையும் அவள் பாடுகிறாள். முன்வரிசையில் இரண்டு நாற்காலி சொல்லிவைத்துவிட்டேன். காலையில் உன் முகத்தைப் பார்த்துக் கேட்க வாய் வராது, அதனால் இந்தக் கடிதத்தில் கேட்கிறேன். என்னோடு வா, அம்மா. என் அப்பாவின் பெயரை அவள் எடுத்ததும் எழுந்து நின்று, மீதியை நீ பாடு.