கோடிவீட்டு அத்தை சொல்ல மறுத்த வசனம்

அன்புள்ள ராசாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அங்கே குளிரும் கொஞ்சம் குறைந்திருக்க வேண்டும். இங்கே நான் இருக்கிறேன். சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், சுகமில்லை என்று எழுதினால் பதறிப்போவாய், அதனால் இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். போனிலேயே பேசலாம்தான், ஆனால் நான் ஒன்று தொடங்குவதற்குள் சாப்பிட்டியா மாத்திரை போட்டியா என்று நீ கேட்பாய், நான் ம் ம் என்பேன், வைத்துவிடுவோம். எழுத்துக்கூட்டி எழுதினால் நடுவில் யாரும் குறுக்கே பேச முடியாது பார்.

அப்பா போனதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், வாசலுக்கு எதற்கு வந்தேன் என்று தெரியாமல் மாடிப்படி ஏறுகிறேன், பாதிப் படியில் தீய்ந்த வாடை வருகிறது. காய்ந்த துணியை மடித்து வைத்துவிட்டுத் திரும்பவும் பிரித்து மடிக்கிறேன். உட்கார்ந்தால் யாரோ கூப்பிட்ட மாதிரி எழுந்துவிடுகிறேன், யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். உன் கூட்டாளிகள் குண்டுவும் ஒட்டடைக்குச்சியும்தான் வந்து போகிறார்கள். குண்டு பைக் பட்டறையைப் பாதியில் விட்டுவிட்டுக் கையெல்லாம் கறுப்பு எண்ணெயோடு வந்து, சொட்டாத குழாயைக் கழற்றி மாட்டுகிறான், இப்போது சொட்டுகிறது. ஒட்டடைக்குச்சி மருந்துக்கடையை ஆளிடம் விட்டுவிட்டு வந்து, அத்தை இந்த ரவிக்கை பிரிஞ்சிருச்சு தைச்சுக் குடுங்க என்கிறாள். புது ரவிக்கையின் தையலை அவளே பிரித்துக் கொண்டுவந்தது எனக்குத் தெரியாதா. தைத்துத்தான் கொடுத்தேன்.

மருமகளும் இதைப் படிப்பாள், அவளுக்காகக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன். மருமகளே, உன் வீட்டுக்காரன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இவர்கள் மூன்று பேரும் ஒரு கார்ட்டூனில் குரல் கொடுத்தார்கள். தெருக்கோடிக் கூட்டணி என்று பேர். ஒரு தெருவில் மூன்று பொடிசுகள், எந்நேரமும் ஏதாவது திட்டம் போட்டுக்கொண்டே இருக்கும், எல்லாத் திட்டமும் கோடிவீட்டு அத்தையை ஏமாற்றத்தான், எல்லாமே கடைசியில் கவிழ்ந்துவிடும். உன் மாமனார் அங்கே ஒலிப்பதிவுக்காரர். அவருக்குச் சோறு கொண்டுபோன இடத்தில், ஒயரைப் பிடித்து இழுத்த இந்த வானரங்களை நான் போட்ட சத்தத்தைக் கேட்டு, அத்தைக்கு இந்தக் குரல்தான் வேண்டும் என்று படம் எடுப்பவர் பிடித்துக்கொண்டார். எனக்கு வேகமாகப் படிக்க வராது, மாட்டேன் என்றேன். மாமாதான் வழி கண்டுபிடித்தார். காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு வசனமாக ரகசியம் மாதிரி சொல்வார், அதை நான் கத்துவேன். என் ஜன்னலை உடைச்சவன் எவன்டா, காதைத் திருகிக் கையில குடுத்துருவேன் என்று அவர் அவ்வளவு மெதுவாகச் சொல்வார், கேட்டால் கொஞ்சுகிற மாதிரி இருக்கும். ஊரே பயந்த அத்தை, அவர் காதில் சொல்லாமல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இனி உனக்கு எழுதுகிறேன் ராசா. போன மாதம் குண்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே, அம்மா அந்தக் கார்ட்டூனைத் திரும்பப் புதுசா எடுக்கறாங்களாம், அதே அத்தைதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாங்க என்றான். யார் காதில் சொல்வார்கள் என்றேன். ஒட்டடைக்குச்சி சொல்லுவா என்றான். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு மறுநாள் போனேன். மருந்துக்கடைக்கு மேலே உள்ள அறை. மருந்துப் பெட்டிகளை ஓரமாக அடுக்கி நடுவில் ஒரு மைக். இவர்தான் படம் எடுக்கறவர் என்று கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு ஆளைக் காட்டினார்கள், அவர் வாயே திறக்கவில்லை. கடைக்குச் சரக்கு இறக்குகிற வேன்காரர் கண்ணாடி போட்டால் எனக்கு அடையாளம் தெரியாதா. அதுகூடப் போகட்டும். எனக்கு வியர்க்கிறது என்று ஒட்டடைக்குச்சி ஃபேனை முழு வேகத்தில் வைத்தாள். ராசா, நான் ஒலிப்பதிவுக்காரர் பெண்டாட்டி. சத்தம் விழும் என்று மைக் முன்னால் என் வளையலைக்கூடக் கழற்றச் சொல்வார் உன் அப்பா. பெற்ற பிள்ளை மாதிரி என்மேல் பாசம் வைத்து ஃபேனைப் போட்டாளே, அங்கேதான் மாட்டிக்கொண்டாள்.

கதையைக் கேட்டதும் மிச்சமும் விளங்கிவிட்டது. பொடிசுகள் மூன்றும் வளர்ந்துவிட்டார்களாம், ஒருவன் தூரதேசம் போய்விட்டானாம், கோடிவீட்டு அத்தை கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வராமல் இருக்கிறாளாம், அவளை வெளியே கொண்டுவர மறுபடி திட்டம் போடுகிறார்களாம். செருப்போட அடுப்படிக்கு வந்தா அந்தச் செருப்பையே வறுத்துப் போடுவேன் என்று ஒரு வசனம். அது நான் உன்னை மட்டும் திட்டியது, வேறு யாருக்கும் தெரியாது. அப்போதே தெரிந்துகொண்டேன், அங்கே உட்கார்ந்து எழுதி அனுப்புகிறவன் நீதான்.

ஆனாலும் நான் மூச்சு விடவில்லை. ஏன் என்று கேள். கத்தியதும் நெஞ்சில் கிடந்தது ஏதோ கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து சோறு வடித்துக் குழம்பு வைத்துச் சாப்பிட்டேன், படுத்ததும் தூங்கினேன். மறுபடி போனேன், அப்புறமும் போனேன். ஹெட்போனில் வருவது பெண் குரல்தான், மூக்கடைத்த குரல் வேறு, ஆனாலும் காதுக்குள் ஒருத்தர் சொல்ல நான் கத்துகிறேன் அல்லவா, அந்த நேரத்துக்கு மட்டும் கால் தரையில் நின்றது. மைக்கை விட்டு எழுந்து வந்த பிறகு குண்டுவை ஒருநாள் நிஜமாகவே திட்டிவிட்டேன், எங்கேயும் எழுதாத திட்டு, அவன் சந்தோஷப்பட்டதைப் பார்க்க வேண்டுமே, அம்மா ஃபார்முக்கு வந்துட்டாங்கடா என்று வேன்காரரைக் கட்டிப்பிடித்தான்.

நேற்றுத்தான் ராசா அந்த வசனம் வந்தது. அத்தை வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு, தூரதேசம் போனவனிடம் போக விமானம் ஏறுகிற கட்டம். ஒட்டடைக்குச்சி காதில் சொன்னாள், சரிடா நான் கிளம்பி வரேன், இந்த வீட்ல எனக்கு இனி என்ன இருக்கு. எனக்கு வாய் வரவில்லை. திரும்பச் சொன்னாள். தண்ணீர் கேட்டேன், குடித்தேன், அப்போதும் வரவில்லை. குண்டு, சும்மா சொல்லுங்கம்மா வெறும் கார்ட்டூன்தானே என்றான். வெறும் கார்ட்டூன்னா நீ ஏன்டா கண்ணைத் துடைக்கறே என்றேன். ஒட்டடைக்குச்சி மருந்துப் பெட்டிகளுக்கு அந்தப் பக்கம் விசும்ப ஆரம்பித்துவிட்டாள், அது ஹெட்போனில் என் காதுக்குள் கேட்கிறது.

இந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை ராசா. சுவருக்காக நான் இங்கே கிடக்கவில்லை. அங்கே வந்தாலும் இதே மாதிரி அறை அறையாக நடப்பேனோ, மருமகள் என்ன நினைப்பாளோ, உன் அப்பாவை இங்கே தனியாக விட்டுவிட்டு வந்த மாதிரி ஆகிவிடுமோ என்றெல்லாம் ஓடுகிறது. வரவே கூடாது என்றும் இல்லை. நீ அழைத்தால் என்ன சொல்வேன் என்று நடந்துகொண்டே பேசிப் பார்க்கிறேன், ஒரு நாள் ஒன்று வருகிறது, மறுநாள் வேறொன்று வருகிறது. ஆனால் நீ அழைக்கவே இல்லையே. எனக்குப் பதிலாக நீயே சரி என்று எழுதிவிட்டாயே.

அதனால் ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தேன். வாழ்க்கையில் முதல்தடவையாக யாரும் காதில் சொல்லாமல் மைக் முன்னால் பேசினேன். உனக்கும் எனக்கும் நடுவில் இத்தனை பேர் எதுக்குடா, அம்மாவை வான்னு கூப்பிட உனக்கு வாய் இல்லையா என்று கத்தினேன். இது பதிவாச்சா, அவனுக்குப் போகுமா என்று கேட்டேன். குண்டு தலையைச் சொறிந்துகொண்டு, மைக்குக்கு இதுவரைக்கும் கனெக்‌ஷனே குடுக்கலம்மா என்றான்.

அதனால்தான் இந்தக் கடிதம். அந்த இரண்டு பேரையும் நீ ஒன்றும் சொல்லாதே, என்மேல் உள்ள பாசத்தில் பொய் சொன்னவர்கள், பிழைப்பை விட்டுவிட்டு என்னோடு உட்கார்ந்தவர்கள். பிள்ளைக்குக் காதை மூடுகிற குல்லாய் போட்டு வெளியே அனுப்பு. நீ ராத்திரி வேலை பார்க்கிற நாளில் வண்டி ஓட்டாதே. நீயும் மருமகளும் பிள்ளையும் ஒருவர் மனதை ஒருவர் அறிந்து நீண்ட நாள் நன்றாக இருங்கள், உன் அப்பாவின் ஆசி கூடவே இருக்கும். மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. சாப்பிட்டியா என்று தொடங்காதே. கேட்க வேண்டியதை முதலில் கேள். வருவேனா மாட்டேனா என்று எனக்கே தெரியாது, நீ கேட்ட பிறகுதான் தெரியும்.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருக்கும்
அம்மா