நாலு ஆர்ட்டினுக்கு ஒரு டபுள்

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. என் முட்டி வலியைத் தவிர இங்கே எல்லாம் நலம். அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய், போர்த்திக்கொண்டு தூங்குகிறாய் என்று நம்பும்படி மனசை அதட்டி வைத்திருக்கிறேன். அச்சகத்தில் வேலை குறைவு, பிழை திருத்தக் கொடுத்த புத்தகத்தில் பிழையே இல்லை, எரிச்சலாக இருக்கிறது. அப்பா இந்த வாரம் ஏழு லிஃப்ட் பழுது பார்த்தார். நம் கட்டட லிஃப்ட் மட்டும் அப்படியே நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சீட்டுக் கதையைச் சொல்லியே ஆகவேண்டும். மருந்துக்கடை மாடியில் அதே மேசை, அதே ஆடுகிற நாற்காலி, ஒரே கட்சியாக உட்காரும் எனக்கும் அப்பாவுக்கும் எதிராக அதே பல் டாக்டரும் அவர் மச்சானும். டாக்டரின் வித்தைதான் உனக்குத் தெரியுமே. கையில் உருப்படியாக ஒன்றும் இருக்காது, ஒரே ஜாதிச் சீட்டு மட்டும் எட்டு வந்திருக்கும். உடனே எடுத்த எடுப்பில் நாலு ஆர்ட்டின் என்று கேட்டுவிடுவார். ஆர்ட்டினைத் துருப்பாக வைத்துப் பதிமூணில் பத்துப் பிடி பிடிப்பாராம். நல்ல கை உள்ளவர்கள் ஒன்று, இரண்டு என்று மெல்லப் பேசி ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ள இடமே கிடையாது. பேசினால் உயரத்தில் பேசவேண்டும், இல்லையென்றால் வாயை மூடிக்கொள்ளவேண்டும். வெறுங்கைக்காரன் போடுகிற சத்தம் அது. போன வாரமும் அப்படித்தான் கேட்டார், நான் டபுள் சொன்னேன். நீ பச்சைப் பேனாவில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போன காகிதத்தில் என்ன இருக்கிறது? நாலு ஆர்ட்டின் மேல் டபுள் என்றால் என் கை பலமாக இருக்கிறது, உன் சீட்டு எது, நீ பேசு. அப்பா தினமும் பால் எடுக்கும்போது அதைப் படிக்கிறார். மேசையில் உட்கார்ந்ததும் மறந்துபோச்சு. டாக்டர் தோற்பார் என்று நான் பந்தயத்தை இரட்டிப்பாக்குகிறேன் என்று நினைத்து பாஸ் சொல்லிவிட்டார். டாக்டர் பத்துப் பிடியும் எடுத்துக்கொண்டு ரொம்ப நன்றி அண்ணி என்றார். வீடு வரும்வரை உங்கப்பாவோடு நான் பேசவில்லை.

இந்த வாரமும் அதே நாலு ஆர்ட்டின். என் கையில் ஆர்ட்டின் ஒன்றே ஒன்று, இஸ்பேட் நாலு, மேலே நல்ல படங்கள். டபுள் என்றேன். மச்சான் பாஸ். அப்பா சீட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், தண்ணீர் குடித்தார். அவர் கையில் அஞ்சு பொடி இஸ்பேட், மற்றதெல்லாம் குப்பை. வம்பு எதற்கு என்று முப்பது வருஷமாய் ஒதுங்கிப் போகிற மனுஷன். நாலு இஸ்பேட் என்றார், அவர் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை. அப்புறம் நான் என் சீட்டையெல்லாம் மேசையில் விரித்துவிட்டுச் சும்மா இருக்கவேண்டும், இரண்டு பேர் சீட்டையும் அவரே ஆடுவார், அதுதானே விதி. அவர் தப்பான சீட்டின் மேல் விரலை வைக்கும்போதுகூட மூச்சு விடக்கூடாது. உன்னைப் பெற்றபோதுகூட இவ்வளவு பல்லைக் கடித்ததில்லை. பத்துப் பிடி வேண்டும், பத்தே பிடி வந்தது. என்ன சார், லிஃப்ட் இன்னிக்கு மேலே போகுதே என்றார் டாக்டர். பல்லைப் பிடுங்கறது உங்க வேலை, பிடியைப் பிடுங்கறது என் வேலை என்றார் இவர். வீடு வரும்வரை பேச்சை நிறுத்தவில்லை.

இதை ஏன் எழுதுகிறேன்? புதன்கிழமை நீ ஃபோன் பண்ணினாய். தீவில் வானிலை நிலையத்தில் வேலை, மூணு வருஷம் வர முடியாது, கையெழுத்துப் போட்டாச்சு, யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். ஒரே மூச்சு. அப்பா சரிப்பா என்றார். நான் ஸ்வெட்டர் இருக்கா என்றேன். இரண்டு பேரும் பாஸ். வைப்பதற்கு முன் நீ மூக்கை உறிஞ்சினாய், கேட்டதற்குச் சளி என்றாய். மூணு நாள் யோசித்தேன். ஆசைப்பட்டுப் போகிற பிள்ளை, அந்தத் தீவில் என்ன பறவை வரும், ஜன்னல் எந்தப் பக்கம் என்று மெல்ல ஆரம்பித்திருப்பான். நாலில் ஆரம்பித்திருக்க மாட்டான். நான் தப்பாகவும் கணித்திருக்கலாம். டாக்டருக்கும் சில நாள் நிஜமாகவே நல்ல கை வரும்.

அதனால் போகாதே என்று சொல்லவில்லை, நீயே எழுதி வைத்த விதிப்படி டபுள் சொல்கிறேன். உன் கையில் என்ன இருக்கிறது, யாரை விட்டு ஓடுகிறாய், இல்லை எதைத் தேடிப் போகிறாய், நீ பேசு. கேட்ட பிறகும் போகத்தான் வேண்டும் என்றால் அது உன் ஆட்டம். என் சீட்டை விரித்துவிட்டு வாயைக் கட்டிக்கொள்கிறேன். எனக்குத்தான் இப்போது பழக்கமாகிவிட்டதே.

நோய் நொடி இல்லாமல், தைரியமாக இரு. சளிக்கு வெந்நீர் குடி, சளியாக இருந்தால். ஃபிரிட்ஜ் காகிதத்தில் பச்சை மை மங்கிவிட்டது. புதிதாக ஒன்று எழுது, தபாலில் வேண்டாம், நேரில் வந்து நீயே ஒட்டு.

பாஸ் சொல்லாத,
அம்மா