செவ்வாய்க்கிழமை மேகம்

என் புத்திசாலிக் கணவனுக்கு,

மாநாட்டில் இன்று உன் ஆய்வு வரைபடத்துக்குக் கைதட்டியிருப்பார்கள். ஒவ்வொரு நோயாளியின் ரத்தத்திலும் இருபதாயிரம் மரபணுக்களை அளந்து, அத்தனையையும் ஒரு புள்ளியாகச் சுருக்கியிருக்கிறாய். நீலப் புள்ளிகளின் மேகத்தில் விழுந்தவர்களுக்குப் புற்றுநோய் பரவாது, ஆரஞ்சில் விழுந்தவர்களுக்குப் பரவும் என்கிறாய்.

நீலம் முழுக்கச் செவ்வாய்க்கிழமை இயந்திரத்தில் சோதித்த ரத்தம், ஆரஞ்சு முழுக்க வெள்ளிக்கிழமை சோதித்தது என்று போன மாதமே சொன்னேன். இயந்திரத்தின் அளவு நாளுக்கு நாள் கொஞ்சம் மாறும். உன் கணக்கு பிரித்தது நோயை அல்ல, கிழமையை. "கட்டுரை வரட்டும், அப்புறம் பாக்கலாம். உனக்கு யார்கிட்டயாவது குத்தம் கண்டுபிடிச்சாத்தானே தூக்கம் வரும்!" என்று சிரித்தாய்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் புற்றுநோயோடு உன் ஆய்வுக்கு ரத்தம் கொடுத்த உன் அம்மாவிடம் போய், "நீ நீலத்துல இருக்கம்மா, கவலப்படாத" என்று எந்த வாயால் சொன்னாய்? அதை நம்பி உன் அம்மா லொரேன் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிட்டு, தக்காளி விதை வாங்கி வைத்திருக்கிறார்.

நீ போனை எடுக்கவில்லை. அதனால் இன்று நானே பனியில் மில்வாக்கியில் அவர் வீடு வரை வண்டி ஓட்டிப்போய் உண்மையைச் சொன்னேன். ஜன்னலோரத்து விதைத் தட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் தப்பிச்சவ இல்ல. வெறும் செவ்வாய்க்கிழமை, அவ்வளவுதானா?"

பிறகு அவரே மருத்துவமனைக்குப் போன் செய்து தேதி கேட்டார். போனை வைத்ததும் என் கையைப் பிடித்தார். "அவன்மேல கோவப்படாத கண்ணு. சின்ன வயசுலேர்ந்தே எனக்கு நல்ல சேதி மட்டும்தான் கொண்டுவருவான்."

அவர் கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை. இதை மறுத்துவிட்டேன்.

இன்னமும் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருப்பவள்