வழிமொழிய ஒருவர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் நீங்கலாக மற்ற எல்லாம் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் நீ, "உங்களைத் தாங்கறதுக்கு நாங்க இருக்கோம், வந்துடுங்கம்மா" என்றாய். தாங்குவதற்கு நான் என்ன சாய்ந்த சுவரா? எனக்கு வேண்டியது மாடிப்படிக்கு ஒரு கைப்பிடி. பழையது துருப்பிடித்து விழுந்ததிலிருந்து நான் கீழே இறங்கவே இல்லை, இது உன்னோடு இருக்கட்டும். குடியிருப்போர் கூட்டத்தில், வயதானவர்களுக்காக என்று சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தேன்.

கூட்டம் நம் மாடியிலேயே, எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் கூடத்தில் நடந்தது. தொடங்கும் முன் அவர், "ஆன்ட்டி, நாங்க எல்லாம் உங்க பக்கம்தான்" என்றார். அவர் மனைவி முழு ஆதரவு என்றாள். யார் வழிமொழிகிறீர்கள் என்று தலைவர் கேட்டதும் அத்தனை ஆதரவும் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தது. வழிமொழிகிறவரே கூட நின்று வேலையை முடித்துத் தர வேண்டும் என்பது நம் கட்டடத்து வழக்கமாயிற்றே. ஆதரவுக்குத் தலையாட்டினால் போதும், இதற்கு முதுகெலும்பு வேண்டும். பரவாயில்லை, அப்படியே நிறைவேற்றிவிடலாம் என்று தலைவர் இரக்கப்பட்டார். நான் படித்த கான்வென்டில் அப்படிப் பழக்கவில்லை. ஆளில்லாவிட்டால் தீர்மானம் விழட்டும் என்று சொல்லிவிட்டேன். அப்போது எழுந்தார் பார், கீழ்வீட்டு டிரம்பெட்காரர், நான் அடுக்கடுக்காகப் புகார் கொடுத்தேனே, அதே ஆள். "நான் வழிமொழியறேன். ஆனா இந்தம்மாவுக்கு ஜால்ரா போடறேன்னு யாரும் நினைச்சுடாதீங்க. என் வாசிப்பைப் பத்தி அவங்க சொன்னது அத்தனையும் பொய், அதையும் சேர்த்து எழுதிக்குங்க" என்றார். அவர் நின்றது தீர்மானத்தின் பக்கம், என் பக்கமல்ல. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

வெல்டர் வைத்த ஒவ்வொரு கம்பியையும் டிரம்பெட்காரர் உலுக்கிப் பார்த்தார். வாசிப்பில் இந்தக் கவனம் இருந்திருந்தால் புகாருக்கே வேலையில்லை. நேற்று வேலை முடிந்ததும் முதலில் நான்தான் இறங்க வேண்டும் என்றார்கள். எல்லோரும் கீழே நின்று வேடிக்கை பார்க்க, ஒரு மரியாதைக்காக விரல் நுனியால் தொட்டபடி இறங்கினேன். எனக்கு இதெல்லாம் அவசியமில்லை, வயதானவர்களுக்குத்தான் என்று சொல்லி, கைதட்டலுக்குக் கையை உயர்த்தினேன். பெயின்ட் காயவில்லை. உள்ளங்கை முழுக்கப் பச்சை. டிரம்பெட்காரர் மட்டும் தன் கைக்குட்டையை நீட்டி, "நல்லா இறுக்கியே பிடிங்க, அதுக்குத்தான் போட்டிருக்கு" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

ஆகவே நான் இங்கேயே இருக்கிறேன். தாங்க வராதே, பார்க்க வா. மூவரும் நோய்நொடியின்றி நிறைவாக வாழ வேண்டும். பெயின்ட் கறை எதில் போகும் என்று மறக்காமல் எழுது, எதிர்வீட்டில் கேட்க மாட்டேன்.

என்றும் உன் நலம் நினைக்கும்,
அம்மா