கரை சேராத கிளை

மச்சான், கடலால் இப்பத்தான் வந்து ஒபிஸைத் திறந்தேன். சட்டையெல்லாம் உப்பும் மண்ணெண்ணெயும் மணக்கிறது. நீ சோதனைக்கு வைத்த போன் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. கொஞ்சம் உன்னோடு கதைத்துவிட்டுப் பார்க்கிறேன்.

உன் சட்டமும் நீயும். நாம் இரண்டு பேர் இருந்த ஒபிஸைப் பெரிய கொம்பனி மாதிரியல்லவா நடத்தினாய். மெயின் என்பது மீன்பிடிக் குடும்பங்களின் போனில் ஓடும் செயலியின் கோட், அதில் நேரே யாரும் கை வைக்கக் கூடாது. ஒவ்வொரு வேலைக்கும் அதன் பிரதியாகத் தனிக் கிளை பிரிக்க வேணும். அதை மற்றவர் பார்த்து, டெவலப் என்ற சோதனைப் பிரதியில் சேர்த்து, சரி என்றால்தான் மெயின். சேர்த்ததும் கிளையை வெட்டிவிட வேணும். ஒரு எழுத்துப் பிழையை நான் மெயினிலேயே திருத்தியதற்கு நாள்கணக்கில் முகம் கொடுக்காமல் இருந்தாய். எல்லாவற்றுக்கும் மேலே இன்னொன்று: "கடலுக்குப் போய் வராத கோட் மெயினுக்கு வராது." இப்ப அந்தச் சட்டத்தின் மேல்தான் எனக்குக் கோபம்.

படகு எங்கே நிற்கிறது என்று வீட்டாருக்குக் காட்டுவதுதான் நம் செயலி. படகில் இருக்கிற போனின் தகவல் நின்றுபோனாலும் அது "கடலில்" என்றே காட்டிக்கொண்டிருக்கும். அந்தக் குறையைக் கண்டது நீ. அதைத் திருத்தப் பிரித்த கிளைக்கு 'கரை சேராத படகு' என்று பேர் வைத்தாய். தகவல் நின்ற படகுக்காக ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்கு அது சத்தம் போட்டுக் கேட்கும்: "படகு இன்னும் கரைக்கு வரல்ல. ஆராவது கண்டீங்களா?" கீழே ஒரே பொத்தான், "கண்டேன்." அதை அமத்தினால் அன்றைக்குச் சத்தம் நிற்கும்.

அதைச் சோதிக்கத்தான் அந்த வெள்ளிக்கிழமை தனியாகத் தோணி எடுத்துப் போனாய். எங்கள் போனிலெல்லாம் நீ "கடலில்" என்றே இருந்தாய், யாருக்கும் பயம் வரவில்லை. பூட்டிய ஒபிஸில், இந்த லாச்சிக்குள், உன் கிளை மட்டும் சரியாகச் சத்தம் போட்டிருக்கிறது. கேட்க ஆள் இல்லை.

நீ திரும்பவில்லை, மையத்தும் கிடைக்கவில்லை. பள்ளியில் உடல் இல்லாமலே காயிப் ஜனாஸா தொழுதோம். உன் உம்மா மட்டும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு அஸருக்கும் லாச்சி அதிரும். உன் கேள்வி வரும். கொஞ்சம் செல்ல, அதன் கீழே பதில் விழும்: "கண்டேன்." அந்தக் கிளை இருந்தது இரண்டு போனில்தான் என்று நினைத்திருந்தேன். ஒன்று இது, மற்றது நீ கடலுக்குக் கொண்டுபோனது. அந்தப் பயத்தில் கிளையைச் சேர்க்கவுமில்லை, வெட்டவுமில்லை. வாடைக்காற்று தொடங்கப் போகிறது. மருதமுனைத் தோணியும் சாய்ந்தமருதுத் தோணியும் அந்தப் பழைய பொய்யை நம்பித்தான் இன்னும் போகின்றன.

போன கிழமை உங்கள் வீட்டில் இருந்தபோது அஸர் வந்தது. உம்மாவின் மடியில் ஒரு போன் சத்தம் போட, அவ பழகிய விரலால் அமத்தினா. அவவின் போனிலும் நீ போட்டுக் கொடுத்திருக்கிறாய். இத்தனை நாளும் "கண்டேன்" என்றது அவதான்.

"எங்க உம்மா கண்டீங்க?"

"கிணத்தடியில. விடியச் சுபஹ் தொழ, தண்ணியள்ளி வுழு எடுக்கப் போனா நிக்கான், மகன். நனைஞ்சுபோய். ஒண்டும் கதைக்கான் இல்ல."

நான் விசயத்தைச் சொன்னேன். கிளையைச் சேர்த்தால் பிறகு அதை வெட்ட வேணும். உன் படகின் பதிவு இப்ப அந்தக் கிளையில் மட்டும்தான், வெட்டினால் அதற்கான கேள்வி வராது.

"சேத்தா மத்தப் புள்ளையளுக்குச் சத்தம் வருமா?"

"ஓம் உம்மா."

"அப்ப சேருங்க. என்ட போனும் அண்டைக்குச் சார்ஜ் இல்லாமக் கிடந்திச்சு, என்ட புள்ளைக்குத்தான் ஆருக்கும் கேக்கல்ல." போனை என் கையில் வைத்தா. "கொண்டு போங்க. இனி என்னத்துக்கு."

ஆனால் நீ கடலுக்குப் போனாய், வரவில்லையே. சோதனை பாதியில் நிற்கிறது. அதனால்தான் இன்றைக்கு ஒபிஸைப் பூட்டி, திறப்பை மடியில் கட்டிக்கொண்டு, உம்மாவின் போனைப் படகுப் போனாகப் பதிந்து எடுத்துக்கொண்டு ஒரு தோணியில் போனேன். கல்முனைக் கரை மங்கலாகத் தெரிகிற இடத்தில் போனை நிற்பாட்டினேன். அஸர் கழியுமட்டும் அங்கேயே கிடந்தோம். காற்று அறவே இல்லை. தோணிக்காரர் திரும்பிப் பார்த்து, "தம்பி, கூப்பிட்டயளா?" என்றார். நான் வாயே திறக்கவில்லை.

சரி, லாச்சியைத் திறந்துவிட்டேன்.

இரண்டு கேள்வி வந்திருக்கிறது. ஒன்று உன் படகுக்கு, அதற்கு இன்றைக்குப் பதில் இல்லை. மற்றது என் தோணிக்கு. அதன் கீழே, "கண்டேன்."

உம்மாவின் போன் நிற்பாட்டியபடியே என் மடியில் இருக்கிறது. ஒபிஸ் திறப்பும் என்னிடம்தான் இருந்தது. அந்தக் கிளை உள்ள மிச்சப் போன் எங்கே கிடக்கிறது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கிளையைச் சேர்த்துவிட்டேன், மச்சான். டெவலப்புக்கு, பிறகு மெயினுக்கு, நீ சொன்ன ஒழுங்கில்தான். சோதித்தவர் யார் என்று கேட்ட இடத்தில் உன் பெயரைப் போட்டேன்.

இனிக் கிளையை வெட்டவா என்று திரை கேட்டுக்கொண்டு நிற்கிறது. உன் சட்டத்தில் இது ஒன்று மட்டும் என்னால் ஏலாது. உம்மாவின் போனை நாளைக்குத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். அஸருக்கு அவ அமத்தட்டும்.