பத்து லட்சத்துப் பதினெட்டாயிரத்து எண்பத்தொன்று

மஸ்கட்
2.6.1996

அன்புள்ள ஃபிளோரா,

நலம். வெளியே வெயில் கொளுத்துகிறது. கம்ப்யூட்டர் அறையில் மட்டும் குளிர். உன் அப்பா மாப்பிள்ளை பார்ப்பதாக எழுதி, "நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். என் பதில்: 1018081. இது வகுபட்டால் நம் கல்யாணத்துக்குக் கோவிலில் ஓலை வாசிக்கச் சொல். வகுபடாத பகா எண் என்றால் என்னை மறந்துவிடு. கல்லூரியில் நான் கொடுத்த எந்த எண்ணையும் நீ விட்டுவைத்ததில்லையே!

கிளமென்ட்

சேசு மரி சூசை துணை

நாகப்பட்டினம்
20.6.1996

அன்புள்ள கிளமென்ட்,

எல்லோரும் நலம். உன் கடிதம் கண்டு தலை சுற்றியது. ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுத மை தீர்ந்துவிட்டதா? ஆனாலும் உட்கார்ந்தேன். பி.எஸ்சி.யில் நாம் சேர்ந்து எழுதிய பகா எண் பட்டியல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஓலை வாசித்துத் தடை உண்டா என்று ஊரைக் கேட்பார்களே, அதுபோல ஒவ்வொரு எண்ணையும் கூப்பிட்டுக் கேட்டேன். ஒன்றும் வாய் திறக்கவில்லை. பட்டியலின் கடைசி 997. அதுவும் 144 மீதி வைத்தது.

ஆக, பகா எண். வேண்டாம் என்பதை இப்படியா சொல்வது? நீ ஏன் இப்படி ஆனாய் என்றுதான் புரியவில்லை. அழுதேன். பிறகு அப்பாவிடம் சரி என்றேன். மாப்பிள்ளை பெயர் ரெமிஜியஸ், பூம்புகார் பக்கம், நல்ல மனிதர். ஜூலை பதினான்கில் முதல் ஓலை, அதிலிருந்து மூன்று ஞாயிறு.

இப்படிக்கு,
ஃபிளோரா டீச்சர்

மஸ்கட்
8.7.1996

ஃபிளோரா,

ஐயோ! நம் பட்டியல் ஆயிரத்தோடு நின்றுவிடுகிறது. இந்த எண்ணோ ஆயிரத்தின் வர்க்கத்தைவிடப் பெரியது. 997-க்கு அடுத்த பகா எண்ணையும் பார்த்திருக்கக் கூடாதா? 1009 பெருக்கல் 1009. ஒரே மாதிரி இரண்டு பேர், நடுவில் வேறு யாரும் கிடையாது. உனக்காகவே தேடி எடுத்தேன். கணக்கு டீச்சர் பாதியில் நிறுத்துவாள் என்று கனவா கண்டேன்?

உன் தெருவில் எஸ்.டி.டி. பூத் வந்திருக்கிறதாமே, அதன் எண்கூட எனக்குத் தெரியாது. இந்தக் கடிதம் எப்போது வந்து சேருமோ. என்ன செய்வதென்று தெரியவில்லை.

கிளமென்ட்

சேசு மரி சூசை துணை

நாகப்பட்டினம்
28.7.1996, ஞாயிறு

கிளமென்ட்,

நேற்றுத்தான் உன் கடிதம் வந்தது. பெருக்கிப் பார்த்தேன். நம்பாமல் மறுபடியும் பெருக்கினேன். சிரிப்பதா, உன்னை நாலு சாத்துவதா என்று தெரியவில்லை. அப்பாவிடம் போனேன். "நாளைக்கு மூணாவது ஓலை. இப்ப வந்து கணக்குப் பேசுறியா? போய்ப் படும்மா," என்றார்.

இன்று பூசையில் ஃபாதர் எங்கள் பெயர்களைக் கடைசி முறையாக வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். போன இரண்டு ஞாயிறு போலவே யாரும் அசையவில்லை. நான் எழுந்து நின்றேன்.

"நீதாம்மா பொண்ணு, உக்காரு," என்றார் ஃபாதர்.

"தடை இருக்கு ஃபாதர்."

"என்ன தடை?"

"ஆயிரத்து ஒம்பது," என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

கோவிலே திருதிருவென்று விழித்தது. வெளியே வந்ததும், கடைசி ஓலைக்கென்று வந்திருந்த ரெமிஜியஸிடம் மன்னிப்புக் கேட்டேன். "வேற யாராவது இருக்காங்களா?" என்று மெல்லக் கேட்டார். ஆம் என்று தலையசைத்தேன். அந்தக் கூட்டத்திலேயே அவருக்கு மட்டும்தான் புரிந்தது. அவரை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அப்பா என்னோடு பேசவில்லை. நீ புறப்பட்டு வா. அவர் முன்னால் நின்று, எண் எதுவும் இல்லாமல், வாயைத் திறந்து தமிழில் சொல்.

உன்
ஃபிளோரா