கண் வெளுத்த பிறகு

ஒரே ஊசி குத்தி, ஒரே மாதத்தில் காமாலை கண்ட நம் இருவரில் நீ ஏன் போனாய், நான் ஏன் இருக்கிறேன்? கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். இதற்கு எனக்கு விடை தெரியாது.

எதிர்வீட்டில் யாருக்கோ கீழாநெல்லி அரைக்கிறார்கள். அந்தப் பச்சை வாசனை ஜன்னல் வழியே வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

சுதந்திரம் வந்த வருஷம் கல்லூரி விடுதியில் டைபாய்டு ஊசி போட்டார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நீ. விளக்குச் சுடரில் ஒருமுறை காட்டிவிட்டு, அதே ஊசியை அடுத்த கைக்குக் கொண்டுபோனார்கள். யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. சில மாதங்களில் இருவர் கண்ணும் மஞ்சளாயிற்று.

உன் வீட்டிலிருந்து மோரில் கலக்கிய கீழாநெல்லி இரண்டு டம்ளர் வந்தது. "இது கேக்கும்னு என்ன நிரூபணம்?" என்றேன்.

"மோர் புளிச்சுப் போறதுடி, கொண்டா இங்கே!" என் பங்கையும் நீயே குடித்தாய். இருவர் கண்ணும் வெளுத்ததும் கண்ணாடியைக் காட்டிச் சிரித்தாய்: "உனக்கும் சேர்த்து நான் குடிச்சதுதான் பலிச்சிருக்கு."

கண் வெளுத்தால் காமாலை போயிற்று என்றே எல்லோரும் நம்பினோம். பிறகு, நாம் இருவரும் டீச்சர்களான காலத்தில், படியேறினால் உனக்கு மூச்சு வாங்கும். "டீச்சருக்கு மடி" என்று, சோம்பலை மலையாளத்தில் சொல்லி, ஆசிரியர் அறையில் கேலி செய்தார்கள். "மடிதான், சாரமில்லே" என்று, பரவாயில்லை என்பதையும் அவர்கள் பாஷையிலேயே சொல்லி, நீயும் சேர்ந்து சிரித்தாய். சென்ற வருஷம் வலது விலாவுக்குக் கீழே கட்டி தெரிந்தது.

நீ போன பிறகு டாக்டர் ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னார்: "கண்ணு வெளுத்தாலும் சிலருக்கு ஈரல் வீக்கம் அடங்காது, டீச்சரே. வருஷக்கணக்கா உள்ளே புகையும். அணுக்கள் சாகும், பதிலுக்குப் புதுசு பெருகும், தழும்பு கூடும். அந்த ஓயாத பெருக்கத்துல ஏதோ ஒண்ணு தறிகெட்டுப் போகும், அது புற்று. முழுசும் தெளிஞ்ச விஷயம் இல்லை, அப்படித்தான் கருதறோம்." பிறகு என் கண்ணைப் பார்த்தார். "டீச்சருக்கும் அப்போ காமாலை வந்ததல்லே? ஒருக்கா வந்து காட்டணும்."

மாதங்களாகப் போகவில்லை. எல்லாவற்றுக்கும் நிரூபணம் கேட்ட எனக்கு, இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளப் பயம். நாளை போகிறேன்.

மறுநாள் நடந்தது இது. டாக்டர் கண்ணாடி ஸிரிஞ்சைக் கொதிக்கவைத்து ரத்தம் எடுத்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். மாலையில், "இப்போதைக்கு ஒண்ணும் இல்லை" என்றார். ஸ்ரீவராகத்தில் நீ குடியிருந்த வீட்டு மாடிப்படி பாதி ஏறிய பிறகுதான் எங்கே வந்திருக்கிறேன் என்று உறைத்தது. மேலே, குடிவந்திருக்கும் புதிய பெண் எட்டிப் பார்த்தாள்.

"யாரைப் பாக்கணும், மாமி?"

"இல்லேம்மா, தப்பா ஏறிட்டேன்."

உன்னிடம் சொல்ல வந்த சேதியோடு படியிறங்கினேன்.